பெயின்ட் அடிக்கும் முன் தட்டிப் பாருங்கள்

கரையாம்புத்தூரில் கடல் கிடையாது. புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் மேற்குக் கோடியில், தென்பெண்ணையை ஒட்டிய விவசாய ஊர். அதே கொம்யூனின் கிழக்குக் கோடியில் நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் என்று மீனவ ஊர்கள். படகு வேலைக்குக் கிரைண்டர் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வேலை எந்தக் கோடியில் கிடைத்தால் என்ன? ஆனால் படகுக்காரரும் சரி, கூலிக்குப் போகிறவரும் சரி, பழைய ஃபைபர் படகின் மேல்தட்டைச் சரிசெய்யும் முன் கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. கேட்க அவர்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகுகள் வேகமாகப் பிடித்தன. அப்போது வந்தவற்றில் இன்னும் ஓடுபவற்றுக்கு வயது இருபது தாண்டிவிட்டது. ஃபைபர் துருப்பிடிக்காது, கரையான் தொடாது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் மேல்தட்டு பல படகுகளில் முழு ஃபைபர் அல்ல. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட்டோ ஃபோமோ இருக்கும். பாய்மரப் படகுகளில் பெரும்பாலும் இப்படித்தான். போல்ட் போட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே பிளைவுட் ஊறி மக்கும். மேலே ஒன்றும் தெரியாது. கால் வைத்தால் லேசாக அமுங்கும், அவ்வளவுதான்.

அதனால் கூலி பேசும் முன்பே, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டு முழுக்கச் சாண் சாணாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், ஊறிய இடம் பொத்தென்று கேட்கும். கெட்ட இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, வேலை செய்பவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டோ எடுங்கள். முறையான வேலை என்றால் முதலில் மீன் எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னர் போட்டுத் துடைக்க வேண்டும். துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் பிசுக்கு உள்ளே தேய்ந்து, பூசுவது எதுவும் பிடிக்காது. பிறகு மேல்தோலை அறுத்து, மக்கிய கட்டையை எடுத்து, நன்றாகக் காயவிட்டு, புதுக் கட்டை வைத்து, கண்ணாடியிழை மேட்டும் ரெசினும் அடுக்க வேண்டும். பெயின்ட் கடைசி வேலை. எதையும் திறந்து பார்க்காமல் பட்டி பூசிப் பளபளவென்று அடித்துத் தருபவர் கூலி குறைவாகத்தான் கேட்பார். அந்தப் பூச்சுக்குள் ஈரம் அப்படியே இருக்கும்.

இனி வேலை செய்பவரின் உடம்பைப் பற்றி. ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரின் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிவயிற்றில் தேங்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது. சுமார் 31 டிகிரி வெப்பத்திலேயே அந்த ஆவி தீப்பற்றும். சித்திரையில் நம்மூர் நிழலே அதைத் தாண்டும், ஆகவே பக்கத்தில் பீடி கூடாது. துண்டைக் கட்டிக்கொண்டால் ஆவி நிற்காது. என்95 முகக்கவசம் தூசுக்குத்தான் உதவும். ஆவிக்குக் கரி வடிகட்டி வைத்த முகக்கவசம் வேண்டும்.

எல்லாவற்றிலும் பொல்லாதது ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர். தண்ணீர்போல் நிறமில்லாதது. பழைய தண்ணீர் பாட்டிலில் அதை ஊற்றிவைப்பது கொலைக்குச் சமம். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வையே போகலாம். அந்த நொடியே கண்ணைத் திறந்துபிடித்து, குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வண்டி ஏற வேண்டும். ஹார்டனரையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் அமலில் உள்ளது. ஆனால் அது வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்ட்களுக்கு மட்டும்; படகுக்கு அடிக்கும் தொழில்துறைப் பெயின்ட் அதற்குள் வராது. இது பெரிய ஓட்டை என்பது என் கருத்து. எனவே பழைய பூச்சை உலர்ந்தபடியே சுரண்டாமல் நனைத்துத் தேயுங்கள். வேலை செய்த சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள்.

வேலை சொதப்பினால்? “படகு தொழிலுக்கு வைத்திருப்பது, நீ நுகர்வோர் இல்லை” என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் அடங்காது என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. ஆளை வைத்துச் சுற்றுலாப் படகு ஓட்டும் கம்பெனிக்கு இந்தச் சலுகை கிடைப்பது கடினம். பில் தராமல் இருப்பதே அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. சந்தேகமென்றால் முதலில் 1915க்கு அழையுங்கள். சாக்பீஸ் வட்டம் போட்ட அந்தப் போட்டோவும், எந்த ரெசின், எத்தனை அடுக்கு மேட், என்ன பெயின்ட் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒற்றைத் தாளும் அங்கே சாட்சி.

கூலிக்காரருக்கு வேறு வழி. வேலையால் காயமோ நோயோ வந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923இலிருந்தே சட்டம். அதன் இடத்துக்கு இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. ஈய நஞ்சு தொழில்நோய்ப் பட்டியலில் உண்டு. காயம்பட்ட அன்றே மருத்துவச் சீட்டில் “ஃபைபர் வேலையில்” என்று எழுதச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாமல் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. இலவசச் சட்ட உதவிக்கு 15100.

மிச்சமான துண்டுகளைக் கொல்லையில் போட்டுக் கொளுத்துவது மட்டும் வேண்டாம், அந்தக் கரும்புகை அக்கம்பக்கத்துக்கெல்லாம் போகும். மீந்த ரெசினை டப்பாவிலேயே ஹார்டனர் விட்டு மொத்தமாக இறுகவிடாதீர்கள், சூடேறிப் புகைந்து தீப்பிடிக்கும்; தகட்டில் மெல்லியதாகப் பரப்பி, இறுகிய பிறகு கொம்யூன் பஞ்சாயத்திடம் எங்கே போடுவது என்று கேளுங்கள். புதுப் பெயின்ட் காய்ந்ததும் படகின் பதிவு எண்ணை மறக்காமல் திரும்ப எழுதிவிடுங்கள்.