நிஜாமுதீன்: ரயில் நிலையத்துக்கு அப்பால்

கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வந்து சேரும் இடம் ஹஜ்ரத் நிஜாமுதீன். ஊரிலிருந்து வரும் உறவினரை அழைத்துவர நம்மில் பலர் அந்த நிலையத்துக்குப் பலமுறை சென்றிருப்போம். ஆனால் அந்தப் பெயருக்குரியவர் அருகிலேயே அடக்கமாகியிருக்கிறார் என்பதையும், அவருடைய தர்காவைச் சுற்றி ஏறக்குறைய எழுநூறு ஆண்டுத் தில்லி வரலாறு படிந்து கிடக்கிறது என்பதையும் அறிந்தவர்கள் குறைவு.

பதாயூனில் பிறந்த நிஜாமுதீன் அவுலியா, பஞ்சாபின் சூஃபி ஞானி பாபா ஃபரீதின் சீடர். தில்லியின் ஆரவாரத்தை விட்டு விலகி, யமுனைக் கரையிலிருந்த கியாஸ்பூர் என்ற சிற்றூரில் தங்கினார். அவருடைய மடத்தில் வந்தவர்க்கெல்லாம் உணவு உண்டு. அரசர்களை மட்டும் அவர் நாடியதில்லை. சுல்தான் ஒரு வாசல் வழியே வந்தால், தாம் மறு வாசல் வழியே வெளியேறிவிடுவதாக அவர் சொன்னதாக வழிவழிக் கதை. 1325ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

அரசர்களை விட்டு விலகியவரை அரசர்கள் விடவில்லை. திறந்தவெளியில் அடக்கம் செய்யப்பட்ட அவருக்கு முகம்மது பின் துக்ளக் கட்டடம் எழுப்பினார் என்பர். அடுத்து வந்த ஃபிரோஸ் ஷா அதற்குச் சந்தனக் கதவுகள் அமைத்தார். அவை இன்று இல்லை. நாம் இப்போது காணும் சதுரமான சமாதி மண்டபம் அக்பர் காலத்தில், 1562-63இல், ஃபரீதுன் கான் என்ற பிரபு கட்டியது. சமாதியின் மேலுள்ள சிப்பி பதித்த மரவிதானம் ஜஹாங்கீர் காலத்துக் காணிக்கை. சுற்றுத் தாழ்வாரம் ஷாஜஹான் காலத்தது. கருஞ்சலவைக்கல் கோடுகள் ஓடும் வெண்ணிறக் குவிமாடமோ 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆக, ஒரே சிற்பி ஒரே திட்டத்தில் கட்டிய கட்டடமன்று இது. தலைமுறைக்கு ஒருவராக வந்து, பழுது பார்த்து, புதிதாகச் சேர்த்து வளர்த்த கட்டடம்.

மேற்குப் பக்கத்தில் நிற்கும் செங்கல் நிற ஜமாஅத் கானா பள்ளிவாசல் இந்த மண்டபத்தினும் மூத்தது. கில்ஜி காலத்துச் செம்மணற்கல் வேலைப்பாட்டுக்குத் தில்லியில் உள்ள நல்ல சான்றுகளுள் இதுவும் ஒன்று. அண்மையில் நடந்த சீரமைப்பில், பல்லாண்டுகளாகப் பூசப்பட்ட சாய அடுக்குகளைச் சுரண்டி எடுத்த பின்னரே அதன் கல் முகம் மீண்டும் தெரிந்தது.

முற்றத்தின் தென்புறம் அமீர் குஸ்ரு அடங்கியிருக்கிறார். பாரசீகக் கவிஞர், இசைவாணர், அவுலியாவின் அன்புச் சீடர். குரு மறைந்த அதே ஆண்டில், சில மாதங்களிலேயே இவரும் மறைந்தார். முதலில் சீடரை வணங்கிவிட்டுப் பிறகு குருவிடம் செல்வது இங்குள்ள வழக்கம். நமக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. மதுரை வரை சென்ற மாலிக் கபூரின் 1311ஆம் ஆண்டுப் படையெடுப்பைத் தம் 'கஜாயினுல் ஃபுதூஹ்' நூலில் விரிவாக எழுதியவர் இவர்தாம். அரசவைக் கவிஞராக வெற்றியைப் பாடிய அதே மனிதர், அரசவையை விரும்பாத குருவின் காலடியில் துயில்கிறார்.

அருகில் ஷாஜஹானின் மகள் ஜகானாராவின் சமாதியைக் காணலாம். சலவைக்கல் சாளரங்கள் சூழ்ந்திருந்தாலும் மேலே கூரை இல்லை. தம் சமாதியைப் பசும்புல்லைத் தவிர வேறெதுவும் மூட வேண்டாம் என்பது அவர் விருப்பம். 1681இல் மறைந்த அந்த இளவரசிக்காக இன்றும் அங்கே புல் வளர்கிறது. எதிரே, 1739இல் நாதிர் ஷாவிடம் தில்லியைப் பறிகொடுத்த முகம்மது ஷாவின் சமாதி. வெளியே வந்தால் சந்தின் மறுபக்கம் கவிஞர் காலிப். சற்றுத் தொலைவில் ஹுமாயூன். இத்தனை பேரும் இங்கே வந்து அடங்கியதற்குக் காரணம் ஒன்றே: அவுலியாவின் அருகில் இருக்க வேண்டும்.

தர்காவின் வடபுறத்தில் உள்ள படிக்கிணற்றைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. 'பாவ்லி' என்று சொல்லும் இக்கிணறு 1321-22இல் அவுலியாவே வெட்டுவித்தது என்பர். துக்ளகாபாத் கோட்டை கட்டிக்கொண்டிருந்த கியாசுதீன் துக்ளக், தொழிலாளர்கள் வேறெங்கும் வேலை செய்யக் கூடாது என்று தடுத்தாராம். அவர்கள் இரவில் விளக்கொளியில் கிணறு வெட்டினர். எண்ணெய் விற்பனையும் தடைப்பட்டபோது, கிணற்று நீரே விளக்கில் எரிந்தது என்கிறது கதை. கதை எப்படியாயினும், கோட்டை இன்று ஆளற்ற இடிபாடு. கிணற்றில் ஊற்று இன்னும் சுரக்கிறது.

ஆனால் அந்தக் கிணறும் போய்விட இருந்தது. மூன்று பக்கச் சுவர்களையும் ஒட்டி, அவற்றின் மேலேயே வீடுகள் எழும்பின. கழிவுநீர் கசிந்தது. அடியில் நூற்றாண்டுகளின் சேறு படிந்தது. 2008ஆம் ஆண்டு சுவரின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையும் தொல்லியல் துறையும் இணைந்து அதனைச் சீரமைத்தன. சேற்றை அள்ளினர், சுவரைப் பழைய முறையில் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எடுத்துக் கட்டினர், மேலே குடியிருந்தவர்களுக்கு மாற்று இடம் தேடினர்.

மக்கள் வந்துகொண்டே இருப்பதால்தான் தர்கா உயிரோடிருக்கிறது. அந்த மக்கள் நெருக்கமே அதன் கற்களுக்கு ஆபத்தாகவும் முடிகிறது. வேலி போட்டு, சீட்டு விற்று, மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடும் சின்னம் போல இதைக் காக்க முடியாது. தொழுபவர், பூக்கடைக்காரர், குடியிருப்பவர், பொறியாளர் எல்லாரும் சேர்ந்தே காக்க வேண்டும். பாவ்லி கற்றுத்தந்த பாடம் இதுவே.

செல்ல விரும்புவோர் வியாழன் மாலையைத் தேர்ந்தெடுக்கலாம். முற்றத்தில் கவ்வாலி கேட்கலாம். வசந்த பஞ்சமியன்று சென்றால் மஞ்சள் பூவும் மஞ்சள் உடையுமாக இருக்கும். தலையை மூடிக்கொள்ளத் துணி எடுத்துச் செல்லுங்கள். பெண்கள் சமாதி அறைக்குள் செல்லும் வழக்கம் இல்லை. சல்லடைச் சாளரத்தருகே அமர்ந்து வேண்டிக்கொள்கிறார்கள். இதை எதிர்த்து 2018இல் உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. ஜகானாரா அடங்கிய முற்றத்திலேயே இந்தக் கேள்வி எழுவது நம் வீட்டுப் பெண்களுக்குத் தோன்றாமல் போகாது.

அடுத்த முறை நிஜாமுதீனில் ரயிலுக்கு வருபவர்கள், முடிந்தால் இரண்டு மணி நேரம் முன்னதாகவே புறப்படுங்கள்.