சந்தேகப்படும் உரிமை

மும்பை மேற்குக் கரையில் இருக்கிறது, பழவேற்காடு கிழக்குக் கரையில். ஆனாலும் 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் நடந்தது பழவேற்காட்டு மீனவர்களின் அன்றாடத்தையும் மாற்றிவிட்டது. கராச்சியிலிருந்து கிளம்பிய பத்துப் பயங்கரவாதிகள் நடுக்கடலில் கைப்பற்றியது போர்பந்தரைச் சேர்ந்த ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகை. அதில் மும்பையை நெருங்கி, கடைசித் தூரத்தை ரப்பர் படகில் கடந்து, பத்வார் பார்க்கை ஒட்டிய மீனவர் குடியிருப்பில் கரையேறினார்கள். 166 பேர் கொல்லப்பட்டார்கள். அன்றிலிருந்து இந்தியக் கரை நெடுகிலும் மீன்பிடிப் படகைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிட்டது. படகுக்குப் பதிவு எண், மீனவருக்குக் கைரேகை பதிந்த அடையாள அட்டை, சந்தேகப் படகைக் கண்டால் தகவல் சொல்ல 1093 என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

பழவேற்காட்டில் இந்தக் கெடுபிடி கொஞ்சம் கூடுதல். ஊருக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளம். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம், அதைத் தாண்டி எண்ணூர்த் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும். நடுவில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், லைட்ஹவுஸ்குப்பம் போன்ற ஊர்கள். ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டில் எங்கே குண்டு வெடித்தாலும் மறுநாள் கரையில் சோதனை. பாடு முறை வைத்து ஏரியைப் பங்கிட்டுப் பிழைத்த மக்கள், யாருடைய குற்றத்துக்கோ தங்கள் அடையாளத்தைத் திரும்பத் திரும்ப நிரூபித்துக்கொண்டிருக்கிறார்கள்.

குபேர் படகில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது இந்த ஊர்களில் மறக்கக் கூடாத கதை. ஐந்து மீனவர்கள். நால்வரை வேறொரு கப்பலுக்கு மாற்றிக் கொன்றார்கள். படகை ஓட்டத் தெரிந்த ஒருவரை மட்டும் உயிரோடு வைத்து மும்பை வரை வழிகாட்ட வைத்தார்கள். கரை நெருங்கியதும் அவரையும் கழுத்தறுத்துக் கொன்றார்கள். தாக்குதலில் முதலில் செத்தவர்கள் இந்த ஐந்து பேர்தான். ஆனால் தொடக்க நாள்களில் கிளம்பிய பேச்சு வேறு: அந்தப் படகோட்டியும் உடந்தையோ? உச்ச நீதிமன்றம் 2012 ஆகஸ்ட் 29 அன்று, உயிரோடு பிடிபட்ட ஒரே கொலையாளியான கசாபின் வழக்கில் தந்த தீர்ப்பு அவர்களைக் கொலையுண்டவர்களாகத்தான் பதிவு செய்திருக்கிறது.

அதற்குள் பெரிய கதைகள் புறப்பட்டுவிட்டன. மகாராஷ்டிரப் பயங்கரவாதத் தடுப்புப் படைத் தலைவர் ஹேமந்த் கர்கரே அன்றிரவு சுட்டுக் கொல்லப்பட்டதற்கு வேறு காரணம் இருக்கலாம் என்று 2008 டிசம்பரில் மத்திய அமைச்சராக இருந்த அந்துலேயே சந்தேகம் கிளப்பினார். அதற்கு ஆதாரமில்லை என்று உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம் நாடாளுமன்றத்தில் விளக்க வேண்டியிருந்தது. தாக்குதலே ஆர்.எஸ்.எஸ். சதி என்ற பொருளில் உருது இதழாசிரியர் அஜீஸ் பர்னி ஒரு புத்தகமே போட்டார். வழக்கு வந்தபின் 2011-இல் மன்னிப்புக் கேட்டார். கொலையாளிகள் விரும்பியதும் இந்தக் குழப்பத்தைத்தான்: இந்துப் பெயர்களில், ஹைதராபாத் கல்லூரி ஒன்றின் முகவரியோடு, போலி அடையாள அட்டைகளைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

இந்தச் சதிக் கதைகளின் மீது எனக்குள்ள முதல் கோபம், அவற்றில் குபேரின் ஐந்து மீனவர்களுக்கு இடமே இல்லை என்பது. கராச்சி, நடுக்கடல், கழுத்தறுக்கப்பட்ட படகோட்டி எல்லாவற்றையும் ஒதுக்கினால்தான் ‘உள்ளூர்ச் சதி’ நிற்கும். செத்தவரை இல்லாமலாக்கித்தான் அப்படிப்பட்ட கதையைக் கட்ட முடிகிறது.

அதற்காக இப்படிப் பேசுவதைச் சட்டம் போட்டுத் தடுக்கலாமா? கூடாது என்றே சொல்வேன். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் நேரடி அனுபவம் இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அன்று விசாரணையைச் சந்தேகித்தவர்களுக்குப் புலி ஆதரவாளர் என்ற பட்டம் எளிதில் கிடைத்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. தூக்கு விதிக்கப்பட்டவர்களில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், அவர் சொன்னதை முழுதாகப் பதிவு செய்யவில்லை என்று 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானபோது கைதாகி ஏறக்குறைய 31 ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. அரசு சொன்னதை அப்படியே நம்ப மறுத்தவர்கள் இல்லையென்றால் அந்த வழக்கு 1998-லேயே தூக்குக் கயிற்றில் முடிந்திருக்கும்.

இலங்கையிலும் அதுதான். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளில் 260-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இந்திய உளவுத்துறை முன்கூட்டியே எச்சரித்தும் அரசு ஏன் கையைக் கட்டிக்கொண்டிருந்தது என்று கேட்ட குடும்பங்களைச் சதிக் கதைக்காரர்கள் என்று ஒதுக்கியிருக்கலாம். 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த அலட்சியத்தை உறுதி செய்து, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

ஆகவே 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட இரண்டாம் நாளே அசாம் சட்டமன்ற உறுப்பினர் அமினுல் இஸ்லாம் கைதானதை என்னால் ஏற்க முடியவில்லை. முன்பு நடந்த புல்வாமா தாக்குதலும் பஹல்காம் தாக்குதலும் அரசின் சதி என்று அவர் பேசினார். ஆதாரமற்ற, துக்க வீட்டில் சொல்லக் கூடாத பேச்சு அது. அதை மறுக்கலாம், கண்டிக்கலாம், தேர்தலில் தோற்கடிக்கலாம். பிணை கிடைத்ததும் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் திரும்ப அடைத்தது எந்தப் பொய்யையும் அழிக்கவில்லை. ‘எதையோ மறைக்கிறார்கள்’ என்று ஏற்கெனவே நினைத்தவர்களுக்கு இன்னொரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

நமது சட்டத்தில் இதற்கான அளவுகோல் தமிழ்ப்படம் ஒன்றின் வழியாகவே வந்தது. இடஒதுக்கீட்டைப் பேசிய ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பக் கொடுத்தது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு, வெடிமருந்துக் கிடங்கில் விழும் தீப்பொறிபோல நெருங்கியதாக இருக்க வேண்டும். தொலைவான ஊகம் போதாது என்றது. 2015-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை நீக்கியபோது, ஒரு கருத்தை விவாதிப்பதும் அதற்காக வாதாடுவதும் உரிமை, தூண்டிவிடுவதுதான் எல்லை என்று இன்னும் தெளிவாக்கியது.

சட்டத்தின் கணக்குக்குள் அடங்காத கொடுமை ஒன்றும் இருக்கிறது. 2017 மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். அங்கிருந்த மார்ட்டின் ஹிப்பர்ட் என்பவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. உடன் சென்ற மகளுக்கு மூளையில் கடுங்காயம். அந்தத் தாக்குதலே நடக்கவில்லை, எல்லாம் நாடகம் என்று ரிச்சர்ட் ஹால் என்பவர் காணொளிகளும் புத்தகமும் வெளியிட்டார். அதோடு நிற்காமல் அந்த மகளின் வீட்டருகே ஒளித்துவைத்த கேமராவால் படமும் எடுத்தார். 2024-இல் லண்டன் உயர் நீதிமன்றம் இதைத் துன்புறுத்தல் என்று தீர்ப்பளித்து, இருவருக்குமாக 45,000 பவுண்டு இழப்பீடு விதித்தது. கருத்துச் சுதந்திரம் என்ற வாதம் எடுபடவில்லை. கவனிக்க வேண்டியது, வழக்குத் தொடுத்தவர்கள் காயம்பட்டவர்கள், அரசு அல்ல. அரசை நோக்கி எறியும் சந்தேகத்துக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவரின் வீட்டு வாசலுக்குப் போய் ‘நீ நடிக்கிறாய்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த நீதிமன்றம் சரியாகப் பிடித்தது.

பழவேற்காட்டுக்கு இதைவிட நெருக்கமான பாடம் இலங்கையின் சிலாபத்தில் இருக்கிறது. அதுவும் களப்பை ஒட்டிய மீன்பிடி நகரம். பல மதத்தார் கலந்து வாழும் ஊர். ஈஸ்டர் தாக்குதல் முடிந்த மூன்றாம் வாரம், முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒற்றை வரியை அடுத்த தாக்குதலுக்கான மிரட்டல் என்று சிலர் வாசித்தார்கள். 2019 மே 12 அன்று கூட்டம் கூடியது, கடைகள் நொறுங்கின, ஊரடங்கு வந்தது. மறுநாள் கலவரம் மினுவாங்கொடை வரை பரவியது. நாத்தாண்டியாவில் ஒரு தச்சுத் தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டார். அரசு சமூக ஊடகங்களை முடக்கிப் பார்த்தது, கலவரம் நிற்கவில்லை.

முடக்கும் அதிகாரம் அடுத்து யார் மீது பாய்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மன்னார்ப் பகுதித் தமிழ்க் கவிஞர் அஹ்னாப் ஜசீம் ‘நவரசம்’ என்ற கவிதை நூலுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். வன்முறைக்கு எதிரான கவிதைகளும் அதில் இருந்தன. ஆனால் விசாரித்தவர்கள் அதில் தீவிரவாதத்தையே கண்டார்கள். ஒன்றரை ஆண்டுக்கு மேல் காவலில் இருந்து பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பயங்கரவாதத்தைத் தூண்டுபவர்களைப் பிடிக்க வைத்திருந்த சட்டம் தமிழாசிரியர் ஒருவரைப் பிடித்துக்கொண்டது.

பழவேற்காட்டில் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்கள் ஒரே கரையில், ஒரே முகத்துவாரத்தை நம்பி வாழ்கின்றன. துறைமுக விரிவாக்கத்தால் கரை அரிக்கும், முகத்துவாரம் தூரும் என்று அதிகாரிகளின் அறிக்கையை நம்ப மறுத்து இந்த மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். அரசின் சொல்லைச் சந்தேகிக்கும் உரிமை இவர்களுக்கு வயிற்றுப்பாட்டோடு சேர்ந்தது. எது பொய் என்று அதிகாரிகளே முடிவு செய்யும் சட்டம் வந்தால் முதலில் வாய் அடைபடுவது இப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான். மத்திய அரசு உண்மை சரிபார்ப்புப் பிரிவு வைக்க 2023-இல் கொண்டுவந்த விதியை மறு ஆண்டு செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது இந்த ஊர்களுக்கும் நல்ல சேதி.

ஆனால் ஒரு தாக்குதல் நடந்த இரவில், கரையேறிய அந்நியன் பக்கத்துத் தெருவில் ஒளிந்திருக்கிறான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றினால் என்ன செய்வது? கடலோரப் பாதுகாப்புக்காக நடக்கும் ‘சாகர் கவாச்’ ஒத்திகையில் தீவிரவாதி வேடமிட்ட போலீஸ்காரர்கள் படகில் வருகிறார்கள், மற்றவர்கள் பிடிக்கிறார்கள். அதே நாளில் ஒரு வதந்தியையும் ஒத்திகை பார்க்கலாம். ஊர்ப் பஞ்சாயத்து, ஜமாஅத், பங்குத்தந்தை மூவரும் எந்த எண்ணை அழைக்க வேண்டும், மாவட்ட ஆட்சியர் எத்தனை மணி நேரத்துக்குள் தமிழில் பதில் தர வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று அவர் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யலாம். மீனவர்களிடமிருந்து தகவல் வாங்க 1093 இருக்கிறது. அவர்களுக்குத் தகவல் கொடுக்கவும் அப்படியொரு எண் வேண்டும் என்று அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்திலேயே கேட்கலாம்.