கான்ட்ரா வேகமா ஓடுதா, இல்ல நமக்கு வயசாயிடுச்சா? டிவி கேம் கேசட்டுகளின் கதை

பொங்கல் லீவுக்கு ராஜபாளையம் போயிருந்தேன். பெரியம்மா மகன் அண்ணன் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறார். வயது 37. நான்காம் வகுப்பு படிக்கும் தன் பையனுக்காக ஆன்லைனில் ஒரு 'கேம் ஸ்டிக்' வாங்கியிருந்தார். டிவியின் பின்னால் சொருகினால் பழைய கேம் எல்லாம் வரும் என்று விளம்பரம் சொன்னதாம். வந்தது. கான்ட்ராவும் வந்தது.

ஆனால் அண்ணனால் விளையாட முடியவில்லை. ஒரு காலத்தில் எங்கள் தெருவிலேயே முப்பது லைஃப் இல்லாமல் கான்ட்ராவை முடித்த ஒரே ஆள் அவர். இப்போது முதல் ஸ்டேஜ் பாலத்திலேயே மூன்று முறை செத்தார். பையன் சிரித்தான். அண்ணனும் சிரித்தார். அப்புறம் ரிமோட்டை அவனிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இரவு மொட்டை மாடியில் மெதுவாகக் கேட்டார்: "டேய் தம்பி, நீ பத்திரிகைல தான இருக்க? உண்மையச் சொல்லு. அந்த கேம் வேகமா ஓடுதா, இல்ல எனக்கு வயசாயிடுச்சா?"

கேள்வி சின்னதுதான். ஆனால் 90ஸ் கிட்ஸ், 2கே கிட்ஸ் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும். பதிலைத் தேடினால் டோக்கியோ வரை போக வேண்டியிருக்கிறது. போய்ப் பார்க்கலாம்.

முதலில், ஆர்கேடு என்றால் என்ன?

காசு போட்டு ஆடும் பெரிய பெட்டி. 1970, 80-களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கேம்கள் முதலில் இந்தப் பெட்டிகளில்தான் வந்தன. ஹிட் ஆனால் அதே கேமை வீட்டு டிவியில் ஓடும் சின்ன மெஷினுக்கு மாற்றுவார்கள். இதை 'போர்ட்' செய்வது என்பார்கள்.

ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஃபேமிகாம் என்ற வீட்டு மெஷினை வெளியிட்டது. அன்று கூடவே வந்த மூன்று கேசட்டுகள் டாங்கி காங், டாங்கி காங் ஜூனியர், பாப்பாய். மூன்றுமே ஆர்கேடில் ஹிட்டடித்தவை. நம்மூரில் 'டிவி கேம்' என்று நாம் வாங்கிய பெட்டிகள் பெரும்பாலும் இந்த ஃபேமிகாமின் குளோன்கள். ஃபேமிகாமின் உள்ளே இருந்த சிப்புகளை நகலெடுத்து, தைவான், சீன நிறுவனங்கள் மலிவாகத் தயாரித்தவை.

ஒரிஜினல் ஏன் இங்கே பரவவில்லை? விலையும் வரியும் முக்கியக் காரணம். சேகா நிறுவனம் 1995-ல் ஷா வாலஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தன் மெகா டிரைவை இந்தியாவில் இறக்கியது. 80 சதவீத இறக்குமதி வரியைச் சமாளிக்கத்தான் அந்தக் கூட்டணி. அப்படியும் நடுத்தரக் குடும்பங்களுக்கு அது எட்டவில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த குளோன்தான் வீடு வீடாகப் போனது.

எங்கள் வீட்டுக்கு அது வந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது. சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். தேர் பார்த்துவிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், தெருவோரக் கடையில் அண்ணன் அடம்பிடித்து வாங்கிய பெட்டி. பிறகு 2006-ல் தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. 14 இஞ்ச். பெரியவர்கள் பெரிய டிவியில் சீரியல் பார்க்க, அரசு டிவி எங்கள் கைக்கு வந்தது. எங்களுக்கு ஆர்கேடு பெட்டி என்றால் அதுதான்.

நகல் எடுக்கும்போது எதை விட்டார்கள்?

ஆர்கேடு பெட்டிக்குள் இருக்கும் போர்டு விலை அதிகம், சக்தியும் அதிகம். வீட்டு மெஷின் அப்படியில்லை. அதனால் ஒவ்வொரு போர்ட்டிலும் எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும்.

டாங்கி காங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1981 ஆர்கேடு வெர்ஷனில் நான்கு ஸ்டேஜ்கள். ஃபேமிகாம் வெர்ஷனில் மூன்றுதான். கன்வேயர் பெல்ட் ஓடும் ஸ்டேஜ் காணாமல் போனது. ஏனென்றால் அந்தக் கேசட்டின் மொத்தக் கொள்ளளவே 24 கேபி. இன்று காலை உங்கள் ஃபேமிலி குரூப்பில் வந்த குட் மார்னிங் படம் அதைவிடப் பெரியது!

இன்னும் மோசமான கதை பேக்-மேன். 1982-ல் அட்டாரி 2600 மெஷினுக்கு வந்த வெர்ஷனில் பேய்கள் விட்டுவிட்டுத்தான் தெரியும். கேசட்டில் 4 கேபி, மெஷினின் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். எல்லாப் பேய்களையும் ஒரே நேரத்தில் காட்ட முடியாமல் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் வாங்கியவர்களில் பலர் நொந்துபோனார்கள்.

நகல் ஒரிஜினலை மிஞ்சுமா?

மிஞ்சும். நம்மூர் ஃபேவரைட்டுகள் பல அப்படித்தான்.

கான்ட்ரா: கொனாமி நிறுவனம் 1987-ல் ஆர்கேடில் வெளியிட்டது. அந்தப் பெட்டியில் திரை நெட்டுக்குத்தாக இருக்கும். எதிரே வருபவன் கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரிவான். வீட்டு டிவியின் அகலத் திரையில் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆர்கேடில் கடைசிப் பகுதி ஒரே ஓட்டமாக முடியும். வீட்டு வெர்ஷனில் அதைத் தனித்தனி ஸ்டேஜ்களாக விரித்தார்கள். மொத்தம் 8 ஸ்டேஜ். உலகம் முழுக்க ரசிகர்கள் கொண்டாடுவது வீட்டு வெர்ஷனைத்தான். மூன்றாவது ஸ்டேஜ் அருவியில் ஒருவன் வேகமாக மேலே ஏறி, கீழே நிற்பவனைக் கொன்று, அதனால் வீட்டில் சண்டை வந்தது நினைவிருக்கிறதா? நானும் அழுதிருக்கிறேன்.

முப்பது லைஃப் தரும் அந்த 'மேலே மேலே கீழே கீழே' கோடு கான்ட்ராவுக்காக உருவானதல்ல. 1986-ல் கிராடியஸ் என்ற ஆர்கேடு கேமை ஃபேமிகாமுக்கு மாற்றியவர் கசுஹிசா ஹஷிமோட்டோ. அவராலேயே அந்த கேமைச் சோதித்து முடிக்க முடியவில்லை. அதனால் தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. அவர் 2020-ல் காலமானார்.

டேங்க் கேம்: இதன் பெயர் பேட்டில் சிட்டி. நாம்கோ நிறுவனம் 1980-ல் ஆர்கேடில் விட்ட டேங்க் பட்டாலியன்தான் இதன் மூலம். 1985-ல் ஃபேமிகாமுக்கு வந்தபோது இருவர் சேர்ந்து ஆடும் வசதியும், நாமே செங்கல் அடுக்கி ஸ்டேஜ் கட்டும் வசதியும் சேர்ந்தன. கூட்டாளியைச் சுட்டால் அவன் கொஞ்ச நேரம் அப்படியே உறைந்து நிற்பான். அது தெரியாமல் நடந்ததா, வேண்டுமென்றே நடந்ததா என்பது அந்தந்த வீட்டு விவகாரம்.

பழம் சாப்பிடும் கேம்: அட்வென்ச்சர் ஐலண்ட், 1986. இது உண்மையில் வொண்டர் பாய் என்ற சேகா ஆர்கேடு கேம். ஹட்சன் நிறுவனம் கேமை வாங்கியது. ஆனால் பெயரும் ஹீரோவும் சேகாவுக்கே சொந்தம். எனவே ஹீரோவை மட்டும் மாற்றிவிட்டார்கள். நாம் ஆடிய அந்த இலை உடை ஆசாமி, ஹட்சனின் விளம்பர முகமாக இருந்த தகாஹாஷி மெய்ஜினின் சாயலில் உருவானவர்.

கார் கேம்: ரோடு ஃபைட்டர். ஆர்கேடில் 1984, ஃபேமிகாமில் 1985. மோதாமல் கொஞ்ச தூரம் ஓட்டினால் ஓரமாக ஒருவர் பறந்து போவார். நாங்கள் சூப்பர்மேன் என்று சத்தியம் செய்தோம். அவர் பெயர் கொனாமி மேன்.

வீட்டுக்கே வராத ஒன்று

முஸ்தபா! பெயரைச் சொன்னாலே போதும். கேப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட அந்த கேமின் நிஜப் பெயர் கெடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். அதில் நான்கு ஹீரோக்கள். மஞ்சள் தொப்பிக்காரர் முஸ்தபா கெய்ரோ ஒருவர் மட்டுமே. ஆனால் இந்தியாவில் கேமுக்கே அவர் பெயர்தான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரு சின்ன வீடியோ கேம் கடையில் அண்ணன் அதை ஆடியிருக்கிறார். டியூஷன் காசு அங்கேதான் போகும். ஆனால் கேசட் கடையில் எத்தனை முறை கேட்டும் முஸ்தபா கிடைத்ததே இல்லை. காரணம், அந்த ஆர்கேடு கேம் எந்த வீட்டு மெஷினுக்கும் அதிகாரபூர்வமாக வரவே இல்லை. 2018-ல் கேப்காம் தன் பழைய அடிதடி கேம்கள் 7-ஐத் தொகுத்து வெளியிட்டபோதும் இது இல்லை. கதை, மார்க் ஷூல்ட்ஸ் வரைந்த ஒரு காமிக்ஸிலிருந்து எடுத்தது. பெயரில் ஒரு கார் பிராண்டு வேறு. இப்படிப் பலரின் உரிமை கலந்த கேம்களை மறுபடி வெளியிடுவது லேசில்லை.

இன்னொரு சிக்கல், அந்த ஒரிஜினல் போர்டில் ஒரு பேட்டரி உண்டு. நகலெடுப்பதைத் தடுக்க வைத்த ரகசியச் சாவியை அது காக்கும். பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும், போர்டு வேலை செய்யாது. ஆளில்லாமல் தானாகவே சாகும் கேம் அது.

2023-ல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஒரு ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கவே கிடைக்காது என்றது அது. கடையில் இல்லாத படத்தை, பாட்டை எங்காவது ஒரு ஆர்க்கைவில் தேடலாம். பழைய கேமுக்கு அந்த வழியும் குறுகல்தான்.

சரி, அண்ணனின் கேள்விக்கு வருவோம்

ஜப்பான், அமெரிக்க டிவிகள் விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். இந்தியா பின்பற்றியது பால் முறை. இதில் 50 முறைதான். அந்தக் காலக் கேம்கள் டிவியின் இந்தத் துடிப்பை வைத்தே நேரத்தைக் கணக்கிட்டன. பால் டிவிகளுக்காகச் செய்யப்பட்ட குளோன்களில் அதே கேசட் 50 துடிப்பில் ஓடும். அதாவது ஆறில் ஒரு பங்கு மெதுவாக. ஜப்பானில் 60 விநாடியில் முடியும் காட்சி, நம் வீட்டில் 72 விநாடி.

கேம் ஸ்டிக் ஓட்டுவது 60 துடிப்பு வெர்ஷன். ஆக, கேம் உண்மையிலேயே வேகமாகத்தான் ஓடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பழைய குண்டு டிவியில் பட்டனை அழுத்தியதும் படம் மாறும். எல்இடி டிவி படத்தை உள்ளே வாங்கி, மெருகேற்றி, பிறகு காட்டும். அதற்குள் கொஞ்சம் தாமதம். குதிக்க வேண்டிய நேரத்தில் குதித்தும் குழியில் விழுவது இதனால்தான். டிவி செட்டிங்கில் 'கேம் மோட்' இருந்தால் ஆன் செய்யுங்கள், ஓரளவு குறையும்.

வாத்து சுடும் துப்பாக்கி புது டிவியில் வேலை செய்யாததும் இதே வகைதான். டிரிக்கரை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக மின்னும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து காலி. குண்டு டிவியின் உடனடி மின்னலுக்காகச் செய்த கணக்கு அது. எல்இடியில் வெளிச்சம் தாமதமாக வரும், துப்பாக்கி அதற்குள் கண்ணை மூடிக்கொள்ளும்.

வாங்கலாமா?

ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். நாம் வாங்கிய '9999 இன் 1' கேசட் திருட்டு நகல். உள்ளே சில டஜன் கேம்களே திரும்பத் திரும்ப வரும். இன்றைய மலிவு ஸ்டிக்குகளில் பெரும்பாலானவையும் உரிமம் இல்லாதவையே. இந்த கேம்களின் காப்புரிமை இன்னும் முடியவில்லை. நேர்வழி வேண்டுமென்றால், கொனாமி 2019-ல் வெளியிட்ட கான்ட்ரா அனிவர்சரி கலெக்‌ஷன் ஸ்டீமில் கிடைக்கிறது. ஆர்கேடு வெர்ஷன், வீட்டு வெர்ஷன் இரண்டும் அதில் உண்டு. எது உசத்தி என்று நீங்களே ஆடி முடிவு செய்யலாம்.

அதே சமயம், ஒரிஜினல் வாங்க வழியே இல்லாத ஊரில் அந்தத் திருட்டு கேசட்தான் எங்களுக்கு லைப்ரரி. அதையும் மறைக்க முடியாது.

மறுநாள் காலை அண்ணனிடம் இதையெல்லாம் விளக்கினேன். பதில் பேசவில்லை. நேராகப் பரண் மேல் ஏறினார். பழைய பெட்டி, கேசட், அரசு டிவி மூன்றும் இறங்கின. கேசட்டை வாயால் ஊதப் போனவரைத் தடுத்தேன். எச்சில் ஈரம் பின்களை அரிக்கும். ஊதியதால் அல்ல, கழற்றி மாட்டியதால்தான் அன்று வேலை செய்தது. பென்சில் அழிப்பானால் துடைத்து மாட்டினோம். நான்காவது முயற்சியில் படம் வந்தது.

முதல் ஸ்டேஜ் போனது. இரண்டாவது போனது. அருவியில் பையனுக்காக ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். 2012 மின்வெட்டுக் காலத்தில் கடைசி ஸ்டேஜில் கரண்ட் போனதை எத்தனாவது முறையாகவோ சொன்னார். விரல் எதையும் மறக்கவில்லை.

பையன் கொஞ்ச நேரத்தில் சலித்துக்கொண்டான். "சித்தப்பா, இது ரொம்ப மெதுவா இருக்கு."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அண்ணன் சொன்னார்: "மெதுவா இல்லடா. இதுதான் சரியா இருக்கு."