சீப்புச் சத்தம் போடும் சின்னத் தவளை

ஊரில் மாரி பிறந்தால் தவளைக் கச்சேரிக்குக் குறைவில்லை. இந்தக் குளிர் நாட்டில் தவளை ஏது என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. இருக்கிறது. தெற்கு ஒன்ராறியோவில் வாழும் ஒரு சின்னஞ்சிறு தவளைக்கு வெஸ்ரேர்ன் கோரஸ் ஃபிறொக் என்று பெயர். வளர்ந்தாலும் 4 சென்ரிமீற்றரைத் தாண்டாது. முதுகில் மூன்று கறுத்தக் கோடுகள், மேலுதட்டில் ஒரு வெள்ளைக் கோடு. கண்ணில் படுவது அரிது, காதில்தான் அகப்படும். சீப்பின் பற்களை நகத்தால் இழுத்துப் பாருங்கள், அதுதான் அதன் குரல். கத்துவது ஆண் மட்டுமே.

குளிர்காலத்தில் இது சருகுக்கும் மரக்கட்டைக்கும் அடியில் கிடக்கும். உடம்பு நீரில் ஒரு பகுதி உறைந்து கட்டியாகும். மூச்சு நிற்கும், இதயமும் நிற்கும். ஈரல் இரத்தத்துக்குள் விடும் குளுக்கோஸ்தான் உயிரைக் காக்கிறது. இளவேனிலில் இளகி எழும்பிவிடும். நாங்கள் நாலு உடுப்புப் போட்டும் பஸ் தரிப்பில் நடுங்குகிறோம்!

பங்குனிக் கடைசியில் கத்தத் தொடங்கும். முட்டையிடுவது ஏரியில் அல்ல, பனி உருகித் தேங்கும் குட்டையில். கோடையில் அது வற்றிவிடும். வற்றுவதால் அங்கே மீன் இல்லை. வாற்பேத்தைகளுக்கு அந்தப் பயமில்லை. ஆனால் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குள் கால் முளைத்துக் கரையேற வேண்டும். முந்தி வற்றினால் அந்த வருடக் குஞ்சுகள் அத்தனையும் போச்சு. பெரும்பாலானவை ஒரு வருடமே வாழ்வதால், அடுத்தடுத்து இரண்டு இளவேனில் பிழைத்தால் அந்தக் குட்டையில் சத்தமே அடங்கிவிடலாம். சில நூறு மீற்றருக்கு அப்பால் போய் வேறு இடம் தேடவும் இதனால் முடியாது.

இப்படிப்பட்ட குட்டையைத்தான் வெறும் பள்ளம் என்று மண் போட்டு மூடுகிறார்கள். தென்மேற்கு மூலை தவிர்ந்த ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் இத்தவளை ஆபத்தில் இருப்பதாக 2010 இல் மத்திய அரசு பட்டியலிட்டது. 2016 இல் மொன்றியலுக்கு அருகே லா பிறேறியில், வீடு கட்டவிருந்த நிலத்தின் ஒரு பகுதியில் அவசர ஆணை போட்டு வேலையை மறித்தது. தவளைக்காக வீட்டை மறிப்பதா என்று சிரித்தவர்கள் உண்டு. எங்களுக்கும் வீடு வாங்கும் ஆசை இருக்கிறது, பிள்ளைகளுக்கு அறை வேண்டும். என்றாலும் இருந்த இடம் பறிபோவது என்னவென்று அறிந்த எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

சித்திரையில் மழை விட்ட இரவொன்றில் ஈரநிலப் பக்கம் போய்க் காது கொடுங்கள். 'பீப், பீப்' என்று தனித்தனியாகக் கேட்டால் அது இதன் உறவான ஸ்பிறிங் பீப்பர். ஸ்காபரோவின் கிழக்கே றூஜ் பூங்காவில் கேட்கலாம். சீப்புச் சத்தம் என்றால் நாங்கள் சொன்ன ஆள். வாற்பேத்தையைப் போத்தலில் அள்ளிவரப் பிள்ளைகளை விடாதீர்கள்.