உங்களுக்குத் தெரியுமா? கமிட் கொடுப்பது யார்?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கட்டளைவரி நிரலான பிஎஸ்க்யூஎல்லில் ஆட்டோகமிட் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். ‘பிகின்’ கொடுத்துப் பரிவர்த்தனையைத் தொடங்காத வரை, ஒவ்வொரு கட்டளையும் பிழையின்றி முடிந்ததுமே நிலையாகப் பதிந்துவிடும். ‘வேர்’ நிபந்தனை விடுபட்ட ஒரு ‘டெலீட்’ அட்டவணை முழுவதையும் துடைத்துவிட்டால், அதன்பின் ‘ரோல்பேக்’ கொடுத்துப் பயனில்லை.

‘செட்’ கட்டளையால் ஆட்டோகமிட்டை அணைக்கலாம். ஆனால் அந்த மாறியின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலேயே தட்ட வேண்டும். சிறிய எழுத்தில் தட்டினால் பிழைச்செய்தி எதுவும் வராது. சத்தமில்லாமல் வேறொரு மாறி உருவாகும், ஆட்டோகமிட் பழையபடியே ஓடும். அனுபவசாலிகளும் சறுக்கும் இடம் இது.

முறையாக அணைத்தபின், பரிவர்த்தனைக்கு வெளியே வரும் கட்டளைக்கு முன்னால் நிரலே ஒரு ‘பிகின்’ அனுப்பும். வெறும் ‘செலக்ட்’கூடப் பரிவர்த்தனையைத் திறந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ‘வேக்யூம்’ போலப் பரிவர்த்தனைக்குள் இயங்க முடியாதவற்றுக்கு விலக்கு உண்டு. 13ஆம் பதிப்பிலிருந்து, திறந்திருக்கும் பரிவர்த்தனையை உள்ளீட்டு வரியின் தொடக்கத்தில் நட்சத்திரக் குறி காட்டும். பிழையில் சிக்கியதை வியப்புக்குறி காட்டும்.

2002இல் வந்த 7.3 பதிப்பில் ஆட்டோகமிட் அமைப்பு சர்வரிலேயே இருந்தது. அடுத்த 7.4 பதிப்பில் அது நீக்கப்பட்டு, பொறுப்பு கிளையன்ட் நிரலுக்குப் போனது.

பரிவர்த்தனை திறந்திருக்கையில் கமிட் கொடுக்காமல் வெளியேறினால் பிஎஸ்க்யூஎல்லில் அதன் மாற்றங்கள் தொலையும். ஆரக்கிளின் எஸ்க்யூஎல் பிளஸ்ஸில் நேர்மாறு: ‘எக்ஸிட்’ கொடுத்தால், இயல்பு அமைப்பில், நிலுவையில் உள்ளவை பதிவாகிவிடும்.