அசைவின்மையும் வலியின்மையும்

தரங்கம்பாடியைச் சூழ்ந்த நெல்வயல் ஊர்களில், தரையில் பாய் விரித்துத் துயில்வோரை இரவில் கட்டுவிரியன் தீண்டினால் பெரும்பாலும் வலியே தோன்றுவதில்லை. கண்ணாடி விரியன் கடியில் வலியும் வீக்கமும் உடனே எழும். கட்டுவிரியன் கடியிலோ விடியலில் வயிறு வலிக்கும், இமைகள் தாழும், நாக்குழறும், பின் மூச்சும் நிற்கும். ‘ஏதோ பூச்சிதான், வலியில்லையே’ என்று மருத்துவமனைக்குச் செல்லாதிருப்பதுதான் உயிருக்கு உலை வைக்கிறது.

இதன் காரணம் நுட்பமானது. நரம்பு தசையை நேரே தொடுவதில்லை. இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. நரம்புமுனை சுரக்கும் அசிட்டைல்கோலின் அவ்விடைவெளியைக் கடந்து, தசையிலுள்ள ஏற்பியில் பொருந்தினால்தான் தசை சுருங்கும். நல்லபாம்பின் நஞ்சு அந்த ஏற்பியில் அமர்ந்து வழியை அடைத்துவிடுகிறது. கட்டுவிரியன் நஞ்சு அதனோடு நில்லாமல் நரம்புமுனையையே சிதைக்கிறது. ஆகவேதான் நஞ்சுமுறிவு மருந்து செலுத்திய பின்னரும், முனை மீண்டும் வளரும்வரை பல நாள்கள் செயற்கைச் சுவாசம் தேவைப்படுகிறது.

வலியின் பாதை வேறு. தோலிலிருந்து தண்டுவடம் செல்லும் நரம்புகள் குளூட்டமேட்டு, ‘பொருள் பி’ ஆகியவற்றைக் கொண்டு செய்தி சொல்கின்றன. தசையை முடக்கும் நஞ்சு இப்பாதையை மூடுவதில்லை. எனவே இமைகூட அசைக்க இயலாது கிடப்பவர், அருகிலிருப்போர் பேசுவதைக் கேட்கக்கூடும். ஊசி குத்துவதை உணரக்கூடும். அவரை மூளைச்சாவு அடைந்தவரெனப் பிழையாகக் கருதிவிடும் அபாயமும் உண்டு.

தரங்கம்பாடியில் டேனிய மிஷன் மருத்துவராயிருந்த கோனிக், பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் பணியாற்றி 1785இல் மறைந்தார். அவருக்குப் பின் கம்பெனியின் இயற்கையியலாளரான பேட்ரிக் ரஸ்ஸல், பாஷாணம் கலந்த ‘தஞ்சாவூர் மாத்திரை’ பாம்புக்கடியைத் தீர்க்குமா என்று ஆராய்ந்தார். நாய்களையும் கோழிகளையும் பாம்புகளிடம் கடிபடச் செய்து, அவை பிழைத்தனவா, மடிந்தனவா என்று குறித்துக்கொண்டார்.

பின்வந்த நூற்றாண்டில், தென்னமெரிக்கப் பழங்குடியினரின் அம்புநஞ்சான குராரே ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் பயன்பட்டது. அதுவும் அதே ஏற்பியை அடைப்பதே. குராரே ஏற்றிய விலங்கு கத்தாது, துடிக்காது; ஆய்வாளருக்கு வசதிதான்! ஆனால் அதன் உணர்வு மங்குவதில்லை என்பதைக் குளோட் பெர்னார்டே விளக்கியிருந்தார். குராரேயை மயக்கமருந்தாகக் கொள்ளலாகாது என்று 1876ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் வெளிப்படையாகவே விதித்தது.

உண்மையில் வலியைத் தணிப்பது அபினி. அரபியின் ‘அஃப்யூன்’ என்பதே தமிழில் அபினி ஆயிற்று. வலியைப் பதினைந்து வகையாகப் பகுத்த இப்னு ஸீனா, மரத்துப்போகச் செய்யும் பொருள்களில் அதற்கே முதலிடம் தந்தார். அபினிச் சத்துக்கான ஏற்பிகள் 1973இல் கண்டறியப்பட்டன. உடலே சுரக்கும் ஒத்த பொருள்கள் 1975இல். ஆட்டிலும் மாட்டிலும் இவை உண்டு.

கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், அறுக்கப்படும் பிராணிக்கு இதமளியுங்கள் என்ற நபிகளாரின் (ஸல்) கட்டளை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இதமென்பது பிராணி உணர்வது. காண்போருக்குத் தெரியும் அமைதியன்று. குறைந்த மின்னோட்டத்தால் உடலை விறைக்க மட்டும் செய்யும் கருவி குராரேயின் இனம். நினைவை இழக்கச் செய்யும் முறை வேறு; அது ஆகுமா, ஆகாதா என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் ஆராயும் தனிக் கேள்வி. இரண்டையும் ‘மயக்குதல்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு வாதிட்டால், எதைப் பற்றித் தீர்ப்பளிக்கிறோம் என்பதே தெளிவாகாது.