கல்லிற் பொறித்த பங்கும் கணக்கில் மறைந்த பெயரும்

நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோர் பல்லாயிரவர். அக்கோயிலிலுள்ள பழைய கல்வெட்டொன்றை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. 1153 முதல் 1186 வரை ஈழத்தை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் தமிழிற் பொறிப்பித்த ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் கட்டுரை வெளியிட்டார். ஊராத்துறை எனக் கல்வெட்டுக் குறிக்கும் ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டார்க்குக் காப்பளித்தல் வேண்டும். யானையுங் குதிரையும் கொணரும் மரக்கலம் உடையுமாயின் நாலில் ஒன்று பண்டாரத்துக்கும் மூன்று கூறு உடையவனுக்கும் ஆகும். பிற சரக்கேற்றிய கலமாயின் செம்பாதி பண்டாரத்துக்கும் செம்பாதி உடையவனுக்கும் ஆகும். இதுவே அவ்வாணையின் சாரம்.

கலைமன்றங்களின் கணக்கைப்பற்றி எழுதப் புகுந்தவன் உடைந்த கப்பலைப்பற்றிப் பேசுவது ஏன் என அன்பர்கள் வினவக்கூடும். கலம் உடைந்து கரையேறிய வணிகனை எண்ணிப் பாருங்கள். ஊர் புதிது, அதிகாரி புதியவர், துணை எவருமில்லை. 'எனக்குரியது முக்காற்பங்கு' என்று சொல்ல அவனுக்கிருந்த ஒரே சான்று அக்கல்லே. வலியவன் எடுக்கும் பங்கும் எளியவன் பெறும் பங்கும் ஒரே இடத்தில், பலர் காண எழுதப்பட்டிருந்தன. வெளிப்படைத்தன்மை என்று இக்காலத்தார் வழங்கும் சொல்லுக்கு இதனினும் நல்ல உரை எனக்குத் தெரியவில்லை.

1990ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வின் பின், தீவகத்து மக்களிற் கணிசமானோர் கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்சு, இங்கிலாந்து முதலிய நாடுகளிற் குடியேறினர். ஊர்நினைவு அவர்களை விட்டு நீங்கவில்லை. கோயிற்கும் பள்ளிக்கூடத்துக்கும் அடுத்தபடியாக அவர்கள் பொருள் அனுப்புவது ஊர்க் கலாமன்றங்களுக்கே. கூத்து அழிந்துவிடக்கூடாது, பிள்ளைகள் மத்தளம் பழகவேண்டும், அரங்கொன்று அமையவேண்டும் என்பன அவர்தம் ஆவல். என்னிடம் படித்தவர்கள் சிலர் கடிதவாயிலாகவும் தொலைபேசிவாயிலாகவும், "ஐயா, இம்மன்றத்துக்குக் கொடுக்கலாமா? கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பதுண்டு. இலக்கணம் கற்பிப்பவனுக்குக் கணக்காய்வு எங்கே வரும்! ஆயினும், சங்கத்தின் சட்டத்தொகுதியை நம் நாட்டில் 'யாப்பு' என்கின்றோம் அன்றோ? யாப்பில் தளைதட்டினால் அதைக் காட்டுவது பண்டிதன் தொழில்தானே என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

கேட்போர் பெரும்பாலும் முதலில் வினவுவது, "நிருவாகச் செலவு நூற்றுக்கு எத்தனை?" என்பதே. பிற நாட்டு அறநிலையங்களை அளக்கும் கோல் இது. கூத்துக்கு இது பொருந்தாது என்பது என் துணிபு. பள்ளிக்கூடம் கட்டினாற் கட்டடம் எஞ்சும். கிணறு தோண்டினால் நீர் எஞ்சும். கூத்தோ விடியற்காலை மங்களத்தோடு முடிந்துவிடும். பின்பு களரியில் எஞ்சுவது மிதிபட்ட மணலே. பல மாதப் பழக்கம், அண்ணாவியாரின் இரவுகள், மத்தளகாரரின் கை, உடுப்புக்கும் ஒப்பனைக்குமான கூலி, பழகவந்த பிள்ளைகளுக்குத் தேநீர் ஆகிய இவையே அங்கு அறம், இவையே செலவு. இவற்றை 'நிருவாகம்' எனக் குறைத்துக் காட்டுபவன் கலையையே குறைக்கின்றான். கொடுப்போர் கண்ணாற் காணத்தக்கதையே விரும்புவதால், அரங்குகள் எழுகின்றன. ஆடுவாரின்றிப் பூட்டிக்கிடக்கவும் செய்கின்றன.

ஆகவே நான் வேறொன்றைத் தேடுவேன். ஆடியவருக்கும் பாடியவருக்கும் என்ன சென்றது என்பது எழுதப்பட்டிருக்கின்றதா?

நம் முன்னோர் இதனை எழுதிவைத்தனர். மாதவி அரங்கேறியபோது அரசன்பாற் பெற்ற பொன் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு எனத் தொகையைச் சொல்லாமல் இளங்கோவடிகள் மேலே செல்லவில்லை. அது காப்பியம் என்று ஒதுக்குவோர் தஞ்சைக்குச் செல்க. அங்குள்ள பெரிய கோயிலில் முதலாம் இராசராசன், தன் 29ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1014ஆம் ஆண்டளவில், பொறிப்பித்த சாசனமொன்று உண்டு. சோழநாட்டுத் தளிகள் பலவற்றிலிருந்து கொணர்ந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் அது தனித்தனியே பெயர் சொல்லிக் குறிக்கின்றது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்பன யாவும் கல்லில் உள. ஒருத்திக்குப் பங்கு ஒன்று. பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் நெல் 100 கலம். அளக்கும் மரக்கால் 'ஆடவல்லான்' என்பது. நட்டுவஞ் செய்வார், பாடுவார், கொட்டுவார் எல்லாரும் அதே பட்டியலில் வருகின்றனர். கணக்கர் பெறும் பங்கும் அங்கேயே இருக்கின்றது என்பதைக் கணக்கெழுதும் அன்பர்கள் கவனிப்பாராக. பங்குடையார் இறந்தாலோ வேற்றூர் போனாலோ, உரிய உறவினர் பணியை ஏற்றுப் பங்கைப் பெறுக. அவர் தகுதியிலராயின் தக்காரொருவரைத் தெரிந்து அமர்த்துக என்னும் விதியும் உண்டு.

திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேர்; உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர்; ஆக ஐம்பதின்மர். ஒருவருக்கு நாளொன்றுக்கு நெல் மூன்று குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலமாதலின், 365 நாளுக்கு 91 கலமும் மூன்று குறுணியும் ஆகும். பாடுவார்க்கு ஆடுவாரினுஞ் சற்றுக் குறைவு! இவ்வாறு ஒப்பிட்டுப் பார்க்கவும் குறைகூறவும் ஆயிரம் ஆண்டின் பின்னும் நமக்கு இயலுகின்றது. பின்னர் இரண்டாம் இராசேந்திரன் காலத்தில், வைகாசிப் பெருவிழாவில் இராசராசேச்சுவர நாடகம் ஆடிய சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் வழங்க ஆணை பிறந்தது. அக்கூத்தன் பெயரும் கல்லில் உளது.

இவற்றைப் புகழ்வதோடு அமைதல் தகாது. தஞ்சைக் கல் கொடுக்கக் கடவதைச் சொல்கின்றது, கொடுத்ததைச் சொல்லவில்லை. அது வரவுசெலவுத் திட்டமேயன்றிக் கணக்கறிக்கை அன்று. விளைவு பொய்த்த ஆண்டிலும் 400 பேரும் நூறு நூறு கலம் பெற்றனரா என்பதற்கு அங்கே விடை இல்லை. எனினும் நெல் குறைந்தபோது சுட்டிக்காட்ட அவர்களுக்கு ஒரு சுவர் இருந்தது.

இன்றைய சட்டங்கள் அத்தகைய சுவரை நமக்குத் தருகின்றனவா? 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் உண்டு. பொறுப்பாளர் தவறினால் நீதிமன்றஞ் செல்லலாம். தீவிலிருந்து வள்ளமேறி, பேருந்தேறி, வழக்கறிஞரைத் தேடி எந்த மத்தளகாரர் செல்வார்? 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் தொண்டு நிறுவனங்களின் பதிவுக்கும் மேற்பார்வைக்கும் வழி செய்தது. பதிவெண் இருப்பதனாற் பங்கீடு தெரிந்துவிடாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நல்லதொரு கருவி. அரசு அல்லது வெளிநாட்டரசு அல்லது சர்வதேச நிறுவனம் கணிசமான அளவில் நிதியளிக்கும் தொண்டு நிறுவனங்களையும் அது தொடுகின்றது. தொறன்ரோவில் ஊரவர் நால்வர் சேர்த்தனுப்பும் பணத்தை அது தொடாது. நம் மன்றங்கள் வாழ்வதோ அப்பணத்தில்! 1936இல் உருக்குமணி தேவி தொடங்கிய கலாசேத்திரம் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்திய அரசின் நிறுவனமானபின், அதன் கணக்கு அரசின் தலைமைக் கணக்காய்வாளர் கைக்குப் போய்ப் பாராளுமன்றத்தில் வைக்கப்படல் வேண்டுமென்றாயிற்று. நம் ஊர் மன்றத்துக்குப் பாராளுமன்றம் அதன் ஆண்டுப் பொதுக்கூட்டமே.

அண்மையில் மன்றமொன்றின் ஆண்டறிக்கை என் கைக்கு வந்தது. பெயர் வேண்டா. ஐந்தொகை இருபுறமும் ஒத்திருந்தது. கணக்காய்வாளர் ஒப்பமும் இருந்தது. தனாதிகாரியை நான் அறிவேன். ஒரு சதமும் தமக்கென எடுக்காதவர். நன்கொடையாளர் பெயர்கள் நாடு, தொகை ஆகிய விவரங்களோடு ஆறு பக்கம் நீண்டன. அவற்றையே புதிய அரங்கின் சுவரிற் சலவைக்கல்லிலும் வெட்டியுள்ளனர். செலவுப் பக்கத்தில், 'கலைஞர் கௌரவிப்பும் பிறவும்' என்று ஒரே வரி. அந்த ஆண்டிற் கூத்துப் பழக்கிய முதிய அண்ணாவியாரின் பெயர் அறிக்கையில் எங்கும் காணேன். அவரைக் கண்டு மெல்ல வினவினேன். "பொன்னாடை போர்த்தினவை, தம்பி. பெடியள் நல்லாய் ஆடினாங்கள்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை, கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை.

களவு நிகழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. கொடுத்தவர் பெயர் கல்லிலும் பெற்றவர் பெயர் 'பிறவும்' என்னுஞ் சொல்லிலும் அடங்கியமையையே சொல்கின்றேன். தஞ்சையில் இது தலைகீழாய் இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. அரசன் தன் பெயரைத் தாராளமாகவே வெட்டினான். ஆனால் ஆடினவளின் வீட்டெண்ணையும் மறக்கவில்லை.

அம்மன்றத்தின் பொதுக்கூட்டம் தைப்பூசம் கழிந்த ஞாயிறன்று கூடவிருக்கின்றது. அண்ணாவியாருக்கு எவ்வளவு, மத்தளகாரருக்கு எவ்வளவு, உடுப்புக்கு எவ்வளவு, 'பிறவும்' என்பது யாது என்னும் நான்கு வினாக்களை எழுதி, ஒப்பமிட்டு, செயலாளரிடம் கொடுத்திருக்கின்றேன். வெளிநாட்டு மாணாக்கர்க்கும் அதன் படியை அனுப்பியுள்ளேன். விடை வருமட்டும் அவர்கள் பணத்தை அனுப்பாது வைத்திருக்கின்றனர்.